கழற்றிய சர்வரை மறக்காத கணினிகள்

“அண்ணா, மூணு சிஸ்டத்துல நெட் வருதுங்க, நாலுல வரலைங்க. பிரிண்டர் யாருக்குமே எடுக்கல. எஸ்டேட் ஃபைல் திறக்கவே மாட்டேங்குது. சர்வரைத்தானே கழட்டுனாங்க, நெட்டுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

சேலம் லீ பஜாரில் ஒரு ஜவ்வரிசி மண்டியின் கணக்குப்பிள்ளை, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு என்னிடம் போனில் கேட்டது இது. சனிக்கிழமை இரவு வேறு ஆட்கள் வந்து பழைய சர்வரைக் கழற்றியிருந்தார்கள். அதில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. தனியாகப் பணம் கட்டாதவர்களுக்கு அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஆகவே கழற்றியது சரியான முடிவுதான். கோப்புகளை ஒரு சின்ன நாஸ் பெட்டிக்கு (எல்லாக் கணினியும் பொதுவாகக் கோப்பு வைத்துக்கொள்ளும் பெட்டி) மாற்றி, புது ரவுட்டர் ஒன்றையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு கோப்புகூடக் காணாமல் போகவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை பாதிக் கடையில் வேலை ஓடவில்லை.

அவர் கேட்ட கேள்வி முக்கியமானது. கழற்றியது கோப்பு வைத்திருந்த பெட்டியை. நின்றுபோனதோ இணையம், பிரிண்டர், மண்டிக்காரரின் ஏற்காட்டு எஸ்டேட்டுக்குப் போகிற இணைப்பு. நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், சர்வரை எடுக்கப்போகிற எந்தக் கடையும் இப்படி ஒரு திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடலாம்.

ஒரே பெட்டிக்குள் எத்தனை பேர்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்ட் கொடுக்கத் தொடங்கியது. ஒரு மோடம் வரும். பல மோடங்களில் கேபிள் சொருக ஒரே ஒரு துளைதான். கடையில் ஐந்து கணினி இருந்தால், அந்த ஒற்றை இணைப்பை ஐந்துக்கும் பிரித்துக் கொடுக்க யாராவது நடுவில் நின்றாக வேண்டும். தனி ரவுட்டர் வாங்குவதைவிட, ஏற்கெனவே டேலி என்ற கணக்கு மென்பொருளுக்காக வாங்கிய சர்வரில் இன்னொரு நெட்வொர்க் கார்டைச் சொருகுவது சுலபமாகத் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் விற்ற ஸ்மால் பிசினஸ் சர்வர் 2003இன் யோசனையும் அதுவே: சின்ன அலுவலகத்துக்கு வேண்டியதையெல்லாம் ஒரே பெட்டி பார்த்துக்கொள்ளும். அது தானாக எடுத்துக்கொண்ட உள் முகவரி 192.168.16.2.

இந்த மண்டியிலும் அதே எண்தான் இருந்தது. பழைய சர்வர் போய் 2012 ஆர்2 வந்தபோது, எண்ணைத் தொட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று யாரோ யோசித்து அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்தவர்.

அந்தப் பெட்டி கோப்பு வைத்திருந்ததோடு நிற்கவில்லை. கடைக்கும் இணையத்துக்கும் நடுவில் வாசலாக நின்றது. கேட்வே என்பது அதைத்தான். காலையில் கணினியைப் போட்டதும் ‘உனக்கு இன்று இந்த எண்’ என்று ஐபி முகவரி கொடுத்தது. அந்த வேலைக்குப் பெயர் டிஹெச்சிபி. பெயரைச் சொன்னால் அதற்கான எண்ணைச் சொன்னது, அது டிஎன்எஸ். பிரிண்டருக்குப் போகிற வரிசையும் அதில்தான் இருந்தது: ஏழு கணினியும் அச்சுக்கு அனுப்பியதைச் சர்வர் வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்குத் தந்துகொண்டிருந்தது. ஏற்காடு எஸ்டேட்டுக்குப் போகிற பாதையும் அதன் வழியாகவே போனது. இத்தனை வேலையில், வந்த ஆட்கள் இடம் மாற்றியது கோப்பை மட்டும்.

நம் ஊர் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து ஈரடுக்காகக் கட்டிய நாட்களில் டவுன் பஸ்கள் போஸ் மைதானத்திலிருந்து கிளம்பின. பஸ்ஸும் இருந்தது, ரோடும் இருந்தது. ஆனாலும் பழக்கத்தில் பையோடு பழைய இடத்துக்கே போய் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று மண்டியில் நான்கு கணினிகள் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தன.

ஒவ்வொரு கணினியின் நினைவு

பாதை என்பது ரவுட்டரில் மட்டும் இருக்கிற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு பாதை அட்டவணை இருக்கிறது. 192.168.16.31 என்ற கணினி ஏதாவது அனுப்பும்போது, முதலில் சேர வேண்டிய எண்ணைப் பார்க்கும். முதல் மூன்று பகுதியும் தன்னுடையதைப் போலவே இருந்தால் அது தன் தெரு; நேரே கொடுத்துவிடும். இல்லையென்றால் ‘எனக்கு வழி தெரியாது, வாசலில் கொடுத்துவிடுகிறேன்’ என்று கேட்வேயிடம் தள்ளிவிடும். அந்த நான்கு கணினியிலும் கேட்வே என்ற இடத்தில் 192.168.16.2 என்று இருந்தது. புது ரவுட்டரின் எண்ணோ 192.168.16.1. வாசல் மாறிவிட்டது, அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

மற்ற மூன்றும் எப்படிப் பிழைத்தன? அவை காலையில் எழுந்து டிஹெச்சிபியிடம் எண் கேட்டன, புது ரவுட்டர் பதில் சொன்னது, புது வாசலின் எண்ணும் அதோடு வந்தது. நான்கில் மூன்றுக்கு எப்போதோ கையால் எண் எழுதி வைத்திருந்தார்கள். அவை யாரையும் எதையும் கேட்பதில்லை. நான்காவது, ஞாயிறு முழுக்க அணைக்காமல் ஓடிய பில் போடும் சிஸ்டம். அதன் கதையைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

டிஹெச்சிபி எண்ணைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, வாடகைக்கு விடுகிறது. 1997இல் வந்த அதன் விதியின்படி, வாடகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி, தனக்கு எண் கொடுத்த அதே சர்வரிடம் போய் ‘நீட்டித் தாருங்கள்’ என்று கேட்கும். பதில் வராவிட்டால் கலங்காது. கையில் இருக்கிற எண்ணோடு வேலையைத் தொடரும். 87.5 சதவீதக் காலம் ஆனதும், யாராவது தாருங்கள் என்று பொதுவில் கூப்பிடும். காலம் முழுக்க முடிந்தால்தான் எண்ணைக் கீழே வைக்கும். விண்டோஸ் சர்வரில் வழக்கமான வாடகை 8 நாள். வெள்ளிக்கிழமை நீட்டித்த கணினி செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவை கேட்கும், அடுத்த வெள்ளிக்கிழமைதான் கூவும், அதற்கடுத்த நாள்தான் விடும். அதுவரை பழைய வாசலின் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்கும்.

வாசல் வேறு பெட்டியாக இருந்து, எண் கொடுக்கும் வேலை மட்டும் சர்வரில் இருந்த கடை இதனால் ஒரே நாளில் விழுவதில்லை, தவணையில் விழுகிறது. திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று, அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. எட்டாம் நாள் நிற்கிற கணினியைப் பார்த்து, போன வாரம் கழற்றிய சர்வரை யாரும் சந்தேகப்படுவதில்லை. கேபிளை மாற்றுவார்கள், கேபிள்களையெல்லாம் சேர்க்கும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றுவார்கள், விண்டோஸைத் திரும்பப் போடுவார்கள். முழுதாக விழுந்த நெட்வொர்க்கைச் சரிசெய்வது சுலபம். பாதி விழுந்ததுதான் மனிதரை அலைக்கழிக்கும்.

முழுதாக விழுந்ததற்கும் ஒரு உதாரணம் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் சர்வரை எடுத்தார்கள். எண் கொடுக்க வேறு யாரையும் வைக்கவில்லை. மறுநாள் எல்லாக் கணினியிலும் 169.254 என்று தொடங்கும் எண். எண் கொடுக்க ஆளில்லாதபோது விண்டோஸ் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. அந்த எண்ணோடு கணினிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். அதனால் ‘உள்ளே எல்லாம் சரி, வெளியேதான் போகல’ என்று தோன்றும். கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து, 169.254 என்று பார்த்தால் போதும்; நோய் எதுவென்று அங்கேயே தெரிந்துவிடும். ரவுட்டரில் டிஹெச்சிபியைப் போட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டதும் பட்டறை ஓடியது.

மண்டியில் நான் செய்தது வேறு. புது ரவுட்டரின் எண்ணையே 192.168.16.2 என்று மாற்றினேன். போன காவலாளியின் நாற்காலியிலேயே புதியவரை உட்காரவைப்பது போல. கையால் எழுதிய மூன்றும், பில் சிஸ்டமும், யாரும் தொடாமலே சில நிமிடத்தில் இணையத்தில் ஏறின. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மூன்றும் இப்போது 192.168.16.1ஐத் தேடும், அவற்றை அணைத்துப் போடச் சொன்னேன்.

இதில் ஒரு சின்னத் தடங்கல் வரும். ஒரே எண்ணுக்குப் பின்னால் கருவி மாறினாலும், மற்றவை பழைய கருவியின் வன்பொருள் முகவரியைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். 1982இல் வகுத்த ஏஆர்பி என்ற முறை அது: ‘இந்த எண் யாருடையது?’ என்று தெருவில் கூவி, கிடைத்த பதிலைக் குறித்துக்கொள்வது. விண்டோஸ் அந்தக் குறிப்பைச் சீக்கிரம் சரிபார்த்துவிடும். சில பெரிய சுவிட்சுகளும் ரவுட்டர்களும் மணிக்கணக்கில் வைத்திருக்கும். சிஸ்கோ கருவிகளில் வழக்கமான காலம் 4 மணி நேரம். ஃபைபர் மோடமும் சில சமயம் பழைய கார்டையே நினைத்துக்கொண்டிருக்கும். ரவுட்டரை மாற்றியதும் மோடத்தையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பெயர்கள்

இணையம் வந்தும் டேலி திறக்கவில்லை. ஒவ்வொரு கணினியிலும் கணக்கு இருக்கிற இடம் என்று சர்வரின் பெயர்தான் எழுதியிருந்தது. அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை. ஏழு கணினியிலும் போய்ப் பாதையை மாற்றி எழுதலாம். நாஸ் பெட்டிக்கே பழைய சர்வரின் பெயரை வைத்து, ரவுட்டரின் டிஎன்எஸ்ஸிலும் அதைப் பதிந்துவிட்டேன். கோப்புறைக்கும் கடவுச்சொல்லுக்கும் பழைய பெயர்களையே வைத்ததால், திறந்த கணக்கு போன சனிக்கிழமை மூடிய இடத்திலேயே நின்றது. பிரிண்டருக்கு நடுவில் ஆள் வேண்டாம் என்று ஒவ்வொரு கணினியிலிருந்தும் நேரே சேர்த்துவிட்டோம்.

டிஎன்எஸ் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை சேலத்தில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இருக்கிறது. முதல் டிஎன்எஸ் என்று உள்ளூர்க் கருவியையும், ‘பாதுகாப்புக்கு’ இரண்டாவதாக இணையத்தில் இருக்கிற கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8ஐயும் எழுதுவார்கள். முதலாமவருக்குத் தெரியாவிட்டால் இரண்டாமவரைக் கேட்கும் என்று எண்ணம். அப்படி இல்லை. முதலாமவர் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிட்டால் கணினி அத்தோடு திரும்பிவிடும். முதலாமவர் வாயே திறக்காவிட்டால்தான் இரண்டாமவரிடம் போகும். போனால் கொஞ்ச நேரம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கடைக்குள் இருக்கிற நாஸின் பெயர் 8.8.8.8க்கு எப்படித் தெரியும்? ரவுட்டர் ஒரு நொடி தயங்கினால் டேலி காணாமல் போய், சற்று நேரம் கழித்துத் தானாக வரும். உள்ளூர்ப் பெயர் தெரிந்தவரை மட்டும் எழுதுவதே நல்லது.

பழைய சர்வர் டொமைன் கன்ட்ரோலராக இருந்திருந்தால் வேலை இன்னும் கனமாகியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதும் அதுவே. விண்டோஸ் கடைசியாக உள்ளே வந்த 10 பேரை நினைவில் வைத்திருப்பதால், சர்வர் போனபிறகும் அவர்களை உள்ளே விடும். எல்லாம் சரி என்று தோன்றும். இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றை அமைத்து, பொறுப்புகளை அதற்கு மாற்றி, பழையதை முறைப்படி பதவி இறக்கிய பிறகுதான் அதன் மின்சாரத்தைப் பிடுங்க வேண்டும். இதில் குறுக்குவழி எதையும் நான் சொல்லமாட்டேன்.

கொண்டை ஊசி வளைவு

எஸ்டேட் இணைப்புதான் அன்று மதியம் முழுக்க எடுத்துக்கொண்டது.

மண்டிக்காரருக்கு ஏற்காட்டில் காபி, மிளகுத் தோட்டம் இருக்கிறது. சேலத்து மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை எதிரே தெரியும். ரோட்டில் போனால் 20 கொண்டை ஊசி வளைவு. ரேடியோ அலைக்கு ஒரே நேர்கோடு. மாடியில் ஒரு டிஷ், மேலே எஸ்டேட் அலுவலகத்தில் ஒரு டிஷ். எஸ்டேட்டின் எண்கள் 192.168.20 என்று தொடங்கும்.

சேலத்திலிருந்து எஸ்டேட் கணினிக்குப் பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பார்க்கும் சோதனை) அடித்தால் அழகாகப் பதில் வந்தது. ஒன்றும் தொலையவில்லை, நேரமும் குறைவு. ஆனால் அந்தக் கணினியின் கோப்புறையைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் முடியாது என்றது. ‘பிங் போகுதுங்களே, அப்ப லைன் நல்லாத்தானே இருக்கு?’ என்றார் கணக்குப்பிள்ளை. லைன் நல்லாத்தான் இருந்தது.

கழற்றுவதற்கு முன் சர்வரின் முதுகைத் தன் செல்லில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தார் அவர். அந்தப் போட்டோதான் காப்பாற்றியது. பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று கேபிள்: சாம்பல் நிறம் இரண்டு, மாடியிலிருந்து இறங்கும் கறுப்பு ஒன்று. மூன்றும் மூன்று வேறு கார்டில். அதாவது மோடம் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், ரேடியோ ஒரு பக்கம் என்று சர்வர் மூன்று தெருவும் கூடும் முக்காக நின்றிருக்கிறது. சனிக்கிழமை அந்தக் கறுப்புக் கேபிளுக்கு இடமில்லாமல், எல்லோரும் இருக்கிற சுவிட்சிலேயே சொருகிவிட்டார்கள், ரேடியோவுக்கு 192.168.16.5 என்று கடையின் தெருவிலேயே ஒரு எண்ணும் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது என்ன நடக்கிறது? கடைக் கணினிக்கு 192.168.20 தன் தெரு இல்லை. அதனால் வாசலில், ரவுட்டரிடம், கொடுக்கிறது. ரவுட்டர் பார்க்கிறது: இதற்கு வழி 192.168.16.5. வந்த அதே கேபிளிலேயே திருப்பி அனுப்புகிறது. நெட்வொர்க் வேலை செய்பவர்கள் இதை ஹேர்பின் என்பார்கள், கொண்டை ஊசியேதான். போகும்போது வளைந்து போகிறது. பதில் மலையிலிருந்து இறங்கி ரேடியோவுக்கு வரும்போதோ, ‘192.168.16.31ஆ? இதே தெருதானே’ என்று ரேடியோ நேரே கணினியிடம் கொடுத்துவிடுகிறது. ரவுட்டரிடம் வருவதே இல்லை.

பிங்குக்கு இதனால் பாதகமில்லை. ஒவ்வொரு கேள்வியும் ரவுட்டர் வழியாகத் தனித்தனியாகப் போகிறது, பதில் எப்படியோ வந்து சேர்கிறது. கோப்பு திறக்கிற டிசிபி இணைப்புக்கு முதலில் மூன்று பேச்சு நடக்க வேண்டும்: ‘பேசலாமா?’ ‘பேசலாம், தயாரா?’ ‘தயார்.’ ரவுட்டருக்குள் காவல் காக்கிற ஃபயர்வால் முதல் பேச்சைப் பார்த்தது. இரண்டாவது அதன் கண்ணில் படவே இல்லை. மூன்றாவது வந்தபோது, ‘பதிலே வராத பேச்சுக்கு நடுவில் இது எங்கிருந்து வந்தது?’ என்று தூக்கி எறிந்துவிட்டது. ஃபயர்வாலின் மேல் தப்பில்லை. பாதிப் பேச்சை மட்டும் கேட்கிற காவலாளி அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஃபயர்வாலை அணைத்துவிட்டால் உடனே ஓடும். பல இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. கறுப்புக் கேபிளைச் சுவிட்சிலிருந்து பிடுங்கி, ரவுட்டரில் காலியாக இருந்த நான்காவது துளையில் சொருகி, அந்தத் துளைக்கு மட்டும் தனித் தெருவாக 192.168.30 என்ற எண்களைக் கொடுத்தேன். ரவுட்டரில் ‘192.168.20க்குப் போக ரேடியோ வழி’ என்று ஒரு வரி. எஸ்டேட் பக்கம் ‘192.168.16க்குத் திரும்ப இந்த ரவுட்டர் வழி’ என்று இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரியைத்தான் பெரும்பாலும் மறந்துபோகிறார்கள். நாலரை மணிக்கு எஸ்டேட் கோப்புறை திறந்தது.

கழற்றுவதற்கு முன்

ஒரு வாரம் அவகாசம் இருந்தால் இதில் பெரும்பகுதி நடக்கவே நடக்காது. முதல் வேலை, பழைய சர்வரிலேயே டிஹெச்சிபி வாடகையை 8 நாளிலிருந்து 1 மணி நேரமாகக் குறைப்பது. பழைய வாடகையில் இருப்பவை அடுத்த நீட்டிப்பில்தான் புதுக் காலத்துக்கு வரும். அதனால்தான் ஒரு வாரம் முன்னதாக. அப்போது கழற்றிய அன்றே எல்லாக் கணினியும் புது ஆளைத் தேடிவிடும். அடுத்து, கையால் எண் எழுதியவற்றைக் கணக்கெடுக்க வேண்டும். கணினியை எல்லோரும் எண்ணிவிடுவார்கள். கேமரா டிவிஆர், விரல் ரேகை வைக்கும் வருகைக் கருவி, பிரிண்டர் இவற்றையெல்லாம் சுவிட்சில் சொருகியிருக்கிற கேபிளைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் எண்ண முடியும். சர்வரின் முதுகைப் போட்டோ எடுப்பதும் அந்தக் கணக்கெடுப்பில் ஒன்று. பிறகு ஒரு வேலை நேரத்தில், எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சர்வரை அணைக்காமல் அதன் கேபிளை மட்டும் அரை மணி நேரம் பிடுங்கிப் பார்க்க வேண்டும். யார் யார் கத்துகிறார்களோ அவர்களெல்லாம் பட்டியலில் சேர வேண்டியவர்கள். திரும்பச் சொருகினால் பழையபடி ஓடும்.

கத்தாதவர்களும் உண்டு. அவர்களுக்காக ரவுட்டரில் ஒரு ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். 192.168.16.2 என்ற எண் இப்போது ரவுட்டருடையது. ரவுட்டரிடம் கோப்பு கேட்க யாருக்கும் வேலை இல்லை. ஆகவே கோப்பு கேட்கும் 445ஆம் போர்ட், இணையப் பக்கங்களை நடுவில் நின்று வாங்கித் தரும் பழைய ப்ராக்ஸியின் 8080, நேரம் கேட்கும் 123 இந்த மூன்று கதவையும் யார் தட்டினாலும் எழுதிவைக்கச் சொன்னேன். முதல் வாரம் வருகைக் கருவி நேரம் கேட்டுத் தட்டியது. அதற்கு நேரம் கொடுக்கும் வேலையை ரவுட்டரிடமே விட்டோம். அடுத்த வாரம் புதிதாக எதுவும் என் கண்ணில் படவில்லை.

மூன்றாம் வாரம் பதிவை முதல் நாளிலிருந்து வரிசையாகப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 192.168.16.71 தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு 445ஐத் தட்டுகிறது, மூன்று முறை, பிறகு சும்மா இருக்கிறது. ஏழு கணினியில் எதற்கும் அந்த எண் இல்லை. கணக்குப்பிள்ளையோடு கேபிளைப் பிடித்துக்கொண்டு போனோம். அது முற்றத்தைத் தாண்டி, எடை மேடைக்குப் பக்கத்து அறையில், மாவு படிந்த ஒரு பழைய கணினியில் முடிந்தது. லாரி ஏறும்போதெல்லாம் எடைச் சீட்டுப் போடுகிற கணினி அது. பகலில் யாருடைய தயவும் அதற்கு வேண்டாம். ராத்திரி மட்டும், அதுவரை நகலாகாத சீட்டுகளைச் சர்வருக்கு நகல் எடுக்கும்படி எப்போதோ ஒருவர் எழுதி வைத்திருந்தார்; அதில் சர்வரின் பெயரைப் போடாமல் எண்ணைப் போட்டிருந்தார். பெயரை நாஸுக்கு மாற்றியது இதற்கு எட்டவே இல்லை. மூன்று வாரமாக எடைச் சீட்டுக்கு நகல் கிடையாது. அந்த ஒற்றை ஹார்ட் டிஸ்க்கை நம்பித்தான் எல்லாம்.

எண்ணை அழித்து நாஸின் பெயரை எழுதிவிட்டு வந்தோம். மறுநாள் காலை கணக்குப்பிள்ளை போன் செய்தார். நின்றுபோன 21 நாள் சீட்டும் ராத்திரியே நாஸில் வந்து விழுந்திருந்தது.